எடுக்காத பொட்டலம்

ரேணுகாதேவி ஷூ மாட்டிக்கொண்டு வீட்டு வாசலில் நடந்து பழகிய சாயங்காலம் எங்கள் தெருவில் ஒரு வேலையும் ஓடவில்லை. குழாயடியில் குடங்கள் நிறைந்து வழிந்தன. ஆட்டுக்குக் குழை ஒடித்து வந்தவர்கள் குழையைக் கையில் பிடித்தபடியே நின்றார்கள். நான் மட்டும் நாகரிகம் தெரிந்தவள், என் வீட்டுச் சன்னலுக்கு உள்ளே நின்றுதான் பார்த்தேன். அந்தச் சன்னல் அவள் வீட்டு வாசலைப் பார்த்து இருப்பது நான் செய்த ஏற்பாடு இல்லை. வீடு கட்டிய கொத்தனாரின் ஏற்பாடு.

அவள் புருசன் மதன்குமார் எனக்குக் கொழுந்தன் முறை. லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அருப்புக்கோட்டையில் சிமெண்டு, கோழித்தீவனம், கல்யாணவீட்டு நாற்காலி என்று எது கிடைத்தாலும் ஏற்றுவான். ரேணுகா நரிக்குடிப் பக்கத்துப் பிள்ளை. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். பரீட்சை எழுதிய மை காய்வதற்குள் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். பரளச்சிக்குப் பக்கத்தில் இந்தக் கரிசல்காட்டு ஊருக்கு வந்து, மாமியார் ஒச்சம்மாளோடு சேர்ந்து களையெடுத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒருநாள் போனில் ஏதோ விளம்பரத்தைப் பார்த்தாள். அதிலிருந்துதான் இவ்வளவும்.

டிஜிட்டல் ஃபேப்ரிகேஷன் அறிமுகப் பயிற்சி. காரியாபட்டி தாண்டி மதுரை ரோட்டில் ஒரு காலேஜில் நடக்கிறது. ஹாஸ்டலிலேயே தங்கிப் படிக்க வேண்டும். பேர் வாயில் நுழையவில்லை என்று நான் சொன்னதற்கு எனக்கு ஏற்ற மாதிரி விளக்கினாள்.

"முறுக்குப் பிழியிறோம்லக்கா, அது மாதிரிதான். மாவுக்குப் பதிலா பிளாஸ்டிக்கு. நம்ம கைக்குப் பதிலா மெஷினு. கம்ப்யூட்டர்ல படம் வரைஞ்சு குடுத்தா, சுத்திச் சுத்தி அடுக்கடுக்காப் பிழிஞ்சு சாமானாவே ஆக்கிக் குடுத்துரும்."

"திங்க முடியாதுல்ல?"

"முடியாதுக்கா."

"அப்பறம் எதுக்கு இம்புட்டுப் பாடு?"

அவள் சிரித்தாள். ஆனால் எதற்கு என்பது எனக்குத் தெரியும். பயிற்சியில் சேருகிறவர்கள் தங்கள் ஊரில் அடிக்கடி உடைகிற, கடையில் தனியாகக் கிடைக்காத ஒரு சாமானைக் கொண்டுவர வேண்டும். அதை அளந்து, கம்ப்யூட்டரில் வரைந்து, அங்கே மெஷினில் செய்து பார்க்க வேண்டும். ரேணுகா எடுத்துக்கொண்டது மருந்தடிக்கிற ஸ்பிரேயரின் கொக்கி. தோள்வாரை டேங்கோடு மாட்டுகிற அந்தச் சின்னப் பிளாஸ்டிக் கொக்கி உடைந்தால் டேங்கே குப்பைக்குப் போக வேண்டியதுதான். போன மழைக்காலத்தில் எங்கள் கோயில் கமிட்டித் தலைவர் காசிராஜன் மாமாவுக்கு நடுக்காட்டில் அது ஒடிந்து, பருத்திக்கு அடிக்க வேண்டிய மருந்து முழுக்க அவர் முதுகிலேயே இறங்கியது. அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவர் பக்கத்தில் கொசுகூடப் போகவில்லை.

அந்த ஒடிந்த கொக்கியைத்தான் ரேணுகா கேட்டு வாங்கி, படம் பிடித்து அனுப்பினாள். சீட்டு கிடைத்துவிட்டது. எங்கள் தாலுகாவிலேயே இவள் ஒருத்திக்குத்தான் என்று மதன்குமார் சொன்னான். ஒரு தடவை இல்லை. பால் ஊற்றுகிறவரிடம் சொன்னான், ரேஷன் கடை வரிசையில் சொன்னான், லோடு இறக்கிய ஊரிலெல்லாம் சொன்னான். திருச்சுழியில் இருக்கும் என் அண்ணன் எனக்குப் போன் போட்டு, "ஒங்க ஊருல யாரோ மிஷினு செய்யிற பொம்பள இருக்காகளாமே" என்று கேட்கிற அளவுக்குச் சொன்னான்.

சும்மா சொல்லக் கூடாது, அவனும் கூடவேதான் நின்றான். அருப்புக்கோட்டையில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கி வந்தான். படம் வரைகிற புரோகிராமை இறக்க எங்கள் ஊர் சிக்னல் போதவில்லை. தன் போனை ஒரு கம்பில் கட்டி மொட்டைமாடியில் நட்டுவைத்து, பகல் முழுக்கக் காவல் இருந்தான். மெஷின் ஓடுகிற இடத்தில் மூடின ஷூ போட வேண்டும் என்றதும், அவள் கால் அளவைச் சணல் கயிற்றில் பிடித்துக்கொண்டு போய் வாங்கினான். துப்பட்டா கூடாது, வளையல் கூடாது என்றபோது ஒச்சம்மாள் அயித்தை முகத்தைத் தூக்கினாள்.

"வெறுங்கையோட ஒரு வீட்டுப் பொம்பள போறதா? நல்லாருக்குடா."

"மெஷினுல வளையல் மாட்டுச்சுன்னா கையோட போயிரும்மா. கை வேணுமா, வளையல் வேணுமா?" என்று மதன்குமார்தான் மல்லுக்கு நின்றான்.

என் வீட்டுச் சன்னல் வழியாகப் பார்த்த எனக்கே, என் புருசனை நினைத்து ஒரு பெருமூச்சு வந்தது.

இன்னொன்றும் நடந்தது. இதை மறக்க வேண்டாம், பின்னால் வேண்டும். ரேணுகா வெர்னியர் என்று ஒரு இரும்பு அளவுகோல் வரவழைத்திருந்தாள். இரண்டு தாடைக்கு நடுவில் சாமானைக் கவ்வி, அதன் கனத்தை மயிரிழை சுத்தமாகச் சொல்லுமாம். வீட்டுக்குள் புதுச் சாமான் வந்தால் பொட்டு வைக்காமல் எடுக்கலாமா? ஒச்சம்மாள் அயித்தை சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, சரியாக அந்தத் தாடை சேருகிற இடத்தில் ஒரு பொட்டு வைத்து, குங்குமமும் வைத்து, சாமிப் படத்துக்கு முன்னால் கிடத்திவிட்டாள். சந்தனம் காய்ந்து இறுகிவிட்டது. ரேணுகா அதைக் கவனிக்கவில்லை. அளந்தாள், வரைந்தாள், அட்டையில் வெட்டி மாதிரி செய்தாள். கொக்கி வாரில் நுழையவில்லை. திரும்ப அளந்தாள். திரும்ப நுழையவில்லை. தான் படித்ததே மறந்துபோய்விட்டது என்று லேப்டாப்பை மூடிவைத்து அழுதாள்.

மதன்குமார்தான் வெர்னியரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கண்டுபிடித்தான். "அம்மா, ஒஞ் சந்தனம்தான் உள்ள ஒக்காந்து கணக்குச் சொல்லுது" என்று சிரித்தான். சாக்குத் தைக்கும் ஊசியை எடுத்து, வாசற்படியில் உட்கார்ந்து, தாடையில் கீறல் விழாமல் துளித்துளியாகச் சுரண்டி, வேட்டி நுனியால் துடைத்து அவள் கையில் கொடுத்தான். அடுத்த அட்டைக் கொக்கி வாரில் கச்சிதமாக உட்கார்ந்தது. ரேணுகா அதைத் தோளில் மாட்டிக்கொண்டு என் வீடு வரைக்கும் வந்து காட்டினாள்.

பயிற்சி தொடங்கும் தேதி மாசி மாதம் தெரிந்தது. பங்குனியில் ஒரு திங்கட்கிழமை.

டீக்கடையில் நடப்பது எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கக் கூடாது. கடைக்காரர் பெண்டாட்டி என்னோடு நூறு நாள் வேலைக்கு வருகிறவள். தேதி தெரிந்த பிறகு அங்கே மதன்குமாரைப் பிடித்து ஓட்டியிருக்கிறார்கள். முன்னால் நின்றவன் பாண்டீஸ்வரன். அவனும் லோடு ஆட்டோதான்.

"ஏலே மதனு, ஒம் பொண்டாட்டி மெஷினுல சட்டி பானை செஞ்சு அனுப்புமாம்லே. சோறு யாருலே பொங்குவா?"

"அதெல்லாம் அங்க கொஞ்ச நாளுதான். முடிச்சிட்டு வந்துரும்."

"வரும் வரும். முடிச்சதும் மெட்ராசுல வேலைன்னு கூப்புடுவாக. நீ இங்க பருத்திக் காட்டுல ஒக்காந்து வீடியோ கால்ல பொண்டாட்டியப் பாரு."

மதன்குமார் சிரித்தானாம். சிரித்துவிட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனானாம். இதைக் கேட்டபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கடை டீயை யாரும் முழுசாகக் குடித்ததில்லை.

பங்குனி பிறந்தது. எங்கள் ஊர் காளியம்மனுக்குப் பங்குனிக் கடைசியில்தான் பொங்கல் சாட்டுவது வழக்கம். சாட்டுவது என்றால், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொட்டு அடித்து, அம்மனுக்குக் காப்புக் கட்டித் திருவிழாவை அறிவிப்பது. அடுத்த வாரம் பொங்கல். கொட்டுச் சத்தம் கேட்கும்போது ஊர் எல்லைக்குள் இருக்கிற யாரும், பொங்கல் முடிந்து காப்பு அவிழ்க்கிற வரைக்கும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பொழுது சாய்வதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். சாட்டுக்கு முன்னாலேயே வெளியூர் போய்விட்டவர்களுக்கு அந்தக் கட்டு கிடையாது. சென்னையில் இருக்கிற எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லாரும் அந்தச் சலுகையில் வாழ்கிறவர்கள்.

இந்த வருஷம் கமிட்டியில் ஒரு பேச்சு வந்தது. பங்குனிக் கடைசி என்றால் பிள்ளைகளுக்குப் பரீட்சை, ரேடியோ செட்டுச் சத்தத்தில் படிக்க முடியாது, முன்கூட்டியே சாட்டினால் என்ன என்று. நல்ல யோசனைதான் என்றார் காசிராஜன் மாமா. ஆனால் வழக்கத்தை மாற்றுவதற்கு ஆத்தாளைக் கேட்க வேண்டும். கேட்பது பூக்கட்டிப் பார்த்து. ஒரு வெள்ளை அரளி, ஒரு சிவப்பு அரளி. ஒவ்வொன்றையும் வெற்றிலையில் மடித்து, நூல் சுற்றி, ஒரே மாதிரிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் வழக்கமான தேதி. சிவப்பு வந்தால் முன்னால். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது. அது அப்படியே அம்மன் காலடியில் இருந்து, கடைசி நாள் முளைப்பாரியோடு தண்ணீரில் கரைய வேண்டும். ஆத்தா வேண்டாம் என்று சொன்னதை மனுசர் பார்க்கக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டு.

பொட்டலம் கட்டியது, கமிட்டியில் செட்டு, பந்தல் வேலை பார்க்கிற மதன்குமார். அவன் கட்டியதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. லோடுக்குக் கயிறு கட்டுகிற கை, முடிச்சு அழகாக விழும். பூசாரி ராமசுப்பு கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

கூட்டத்தில் பெண்கள் குலவை போட்டார்கள். நான் ரேணுகாவைப் பார்த்தேன். அவளுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. வருகிற செவ்வாய் சாட்டு. அதற்கடுத்த திங்கள் பயிற்சி. அதற்கு மறுநாள் பொங்கல். ஹாஸ்டலில் தங்க முடியாது.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் காதைக் கடித்தேன். "ஏத்தா, சாட்டுக்குத்தான் இன்னும் நாளு கெடக்குல்ல. கொட்டு அடிக்கிறதுக்கு முன்னாடி நரிக்குடிக்கு ஒங்காத்தா வீட்டுக்குப் போயிரு. அங்கயிருந்து காரியாபட்டிக்கு பஸ்ஸு ஏறு. ஒரு சாமியும் ஒன்னக் கேக்க முடியாது."

அந்த யோசனை அவளுக்கும் வந்திருக்க வேண்டும்.

"ஆத்தா சொன்னதுக்கு நான் ஓடி ஒளிஞ்சேன்னு இருக்கக் கூடாதுக்கா. அப்பறம் அவுகளத்தான ஊருல கேப்பாக. இம்புட்டுச் செஞ்சவுக மொகத்துல நான் கரியப் பூசலாமா?"

சாயங்காலம் மதன்குமார் வாடின முகத்தோடு என் வாசலில் வந்து நின்றான். "பாத்தீகளா மதினி, ஆத்தா இப்பிடிச் செஞ்சிட்டா. எனக்கே மனசு ஆறல. சரி, கொறை வேண்டாம்னு, இந்த வருசம் நம்ம வீட்டுல ரேணுவையே முளைப்பாரி போடச் சொல்லிட்டேன்." முளைப்பாரி போடுவது மரியாதை. மண் ஓட்டில் எருவைப் போட்டு நவதானியம் விதைத்து, இருட்டறையில் வளர்த்து, திருவிழாவுக்குத் தலையில் சுமப்பது. போடுகிறவள் கையில் மஞ்சள் துண்டு கட்டிய காப்பு ஏறும். காப்பு இருக்கிற வரைக்கும் கறி, மீன் வீட்டுக்குள் வரக் கூடாது. அவள் புருசனோடு படுக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை கொட்டு அடித்தார்கள். வளையல் கூடாது என்று கழற்றிவைத்த கையில் காப்பு ஏறியது. மறுநாள் ரேணுகா என் வீட்டுச் சன்னல் பக்கம் நின்றுதான் காலேஜுக்குப் போன் பேசினாள். அங்கேதான் சிக்னல் நிற்கும்.

"இல்ல மேடம், உடம்புக்கு ஒண்ணும் இல்ல. ஊர்ல திருவிழா. இல்ல மேடம், தினமும் வந்துட்டுப் போக பஸ் கிடையாது. கடைசி பஸ்ஸ விட்டா வர முடியாது. சரி மேடம். வேற யாருக்காவது குடுத்துருங்க மேடம்."

போனை வைத்துவிட்டு ஷூவைப் பழையபடி பெட்டிக்குள் வைத்தாள். உள்ளே வந்த காகிதத்தைக்கூடச் சுருட்டி அப்படியே திணித்தாள்.

பயிற்சி தொடங்கவேண்டிய திங்கட்கிழமை காலையில், ரேடியோ செட்டு வந்து இறங்கியது. செட்டுக்காரர் இன்பராஜ் அருப்புக்கோட்டைக்காரர். சுற்றுப்பட்டில் கோயில் கொடையானாலும் சர்ச்சில் அசன விருந்தானாலும் அவர் செட்டுதான். வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, வியர்வையோடு வந்து ரேணுகாவிடம் தண்ணீர் கேட்டார். நான் அப்போது அந்த வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். என் வீட்டுக் கீரையை அங்கே வைத்து ஆய்வது என் பழக்கம்.

"இந்த வருசம் ஒங்க ஊரு முந்திக்கிருச்சேக்கா" என்றார் இன்பராஜ். "பரளச்சியிலயும் இதே தேதிக்குக் கேட்டாக. இல்லங்க, மதன் அண்ணே முன்னாடியே சொல்லி வச்சிட்டாகன்னுட்டேன்."

"எப்பச் சொன்னாக?" என்றாள் ரேணுகா.

"மாசியிலயே. சிவராத்திரிக்கு மறுநா சர்ச்சுக்கு நாக்காலி எறக்க வந்தாக. அப்பவே பங்குனியில இந்தத் திங்கக்கெழம வந்து கட்டிரு, மறுநா பொங்கல்னு உறுதியாச் சொல்லிட்டாகளே. ஒரு மாசம் முந்திச் சொல்ற கமிட்டிய நான் இப்பத்தான் பாக்கேன்."

பூக்கட்டிப் பார்த்தது பங்குனியில். மாசியில் ஆத்தா யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ரேணுகா செம்பை வாங்கி உள்ளே வைத்தாள். அடுப்பை அணைத்தாள். செருப்புப் போடாமல் தெருவில் இறங்கிக் கோயில் பக்கம் நடந்தாள். நானும் கீரையைப் போட்டுவிட்டு, தண்ணீருக்குப் போகிற மாதிரி ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன். கோயில் பக்கம் குழாய் கிடையாது என்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது.

வெயில் ஏறியிருந்தது. கோயிலில் யாரும் இல்லை. அம்மன் பீடத்துக்குக் கீழே, தாம்பாளத்தின் ஓரத்தில் அந்தப் பொட்டலம் கிடந்தது. வெற்றிலை கறுத்துச் சுருங்கியிருந்தது. நூல் முடிச்சு மட்டும் கட்டின அழகு குலையாமல் இருந்தது. ரேணுகா அதைக் கையில் எடுத்தாள்.

"ஏத்தா, வேண்டாம்த்தா. அதப் பிரிக்கக் கூடாது."

அவள் காப்புக் கட்டிய கையாலேயே முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே அரளி. காய்ந்து சருகாகிப் போனாலும் நிறம் போகவில்லை. சிவப்பு.

எனக்கு முதலில் அம்மன் முகத்தைப் பார்க்கத்தான் தோன்றியது. பிறகு ரேணுகாவைப் பார்த்தேன். அவள் அழுவாள் என்று முந்தானையைக்கூடத் தயாராகப் பிடித்திருந்தேன். அழவில்லை. பூவை உள்ளே வைத்து, வெற்றிலையை மடித்து, அதே நூலை அதே மாதிரிச் சுற்றி இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"ஊசியால சுரண்டிக் குடுத்தாகள்லக்கா" என்றாள்.

"என்னதுத்தா?"

"சந்தனத்த. கீறல் விழாம."

திரும்பி வரும்போது வேப்பமரத்துக் குழாய் கரகரத்து முதல் பாட்டைப் பிடித்துவிட்டது. அதற்கு மேல் பேசினாலும் கேட்டிருக்காது.

பொங்கல் நன்றாகவே நடந்தது. இரண்டு நாளும் மதன்குமார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பந்தலுக்கும் பந்திக்கும் ஓடினான். காசிராஜன் மாமா மைக்கில் அவன் பேரைச் சொல்லிப் பாராட்டினார். ரேணுகாவின் முளைப்பாரி ஊரிலேயே நெட்டையாக வளர்ந்திருந்தது. வெளிச்சம் படாத பயிர், வெளுத்துப்போய், தலைமேல் ஆடிக்கொண்டு வந்தது. இவள் எப்போது அவனைப் பிடித்துக் கேட்பாள் என்று நான் சாப்பாட்டைக்கூட அரைகுறையாகத்தான் சாப்பிட்டேன். கேட்கவேயில்லை.

கடைசி நாள் சாயங்காலம் கண்மாய்க்குப் போனோம். பங்குனியில் எங்கள் கண்மாயில் ஏது தண்ணீர்? பள்ளமாக ஒரு கிடங்கு வெட்டி, டிராக்டர் டேங்கில் கொண்டுவந்து ஊற்றியிருந்தார்கள். பெண்கள் கும்மியடித்து முடித்து முளைப்பாரியைக் கரைத்தார்கள். பூசாரி ராமசுப்பு ஒவ்வொருத்தி கையிலிருந்தும் காப்பை அவிழ்த்துத் தண்ணீரில் போட்டுக்கொண்டே வந்தார். ரேணுகா முறை வந்தது. அவள் கையை நீட்டவில்லை.

"நீட்டுத்தா. பொழுது போகுதுல்ல."

"எனக்கு உத்தரவு ஆகல சாமி."

"என்னத்தா உத்தரவு? எல்லாருக்கும் ஆனதுதான் ஒனக்கும்."

மதன்குமார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "ரேணு, என்ன இது? எல்லாரும் நிக்கிறாக பாரு. கைய நீட்டு."

"பூக்கட்டிக் கேட்டுருவமா?" என்றாள் ரேணுகா. குரலை உயர்த்தவேயில்லை. பக்கத்து வீட்டில் உப்புக் கேட்கிற குரல். "நீங்களே கட்டுங்க. ஒங்க கைக்குத்தான் ஆத்தா கேட்டதக் குடுக்கா."

சொல்லிவிட்டு, கரைப்பதற்காகத் தாம்பாளத்தில் வைத்திருந்த அந்தப் பொட்டலத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். "இதயும் நீங்களே கரைச்சிருங்க."

சுற்றி நின்ற பெண்களில் சிலர் சிரித்தார்கள். புருசன் பெண்டாட்டி விளையாட்டு என்று நினைத்திருப்பார்கள். பூசாரி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். ஊரில் எது புரியாவிட்டாலும் என்னைப் பார்ப்பது வழக்கம். நான் மதன்குமாரைப் பார்த்தேன். அவன் நூல் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தான். கிடங்கில் இறங்கி அதைத் தண்ணீருக்குள் அமுக்கினான். மிதந்துவந்தது. திரும்ப அமுக்கினான். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றான்.

காப்பு அவள் கையிலேயே இருந்தது.

திருவிழா முடிந்ததால் ஊருக்கு எல்லைக் கட்டு போய்விட்டது. ஆனால் காப்பு இருக்கிற கைக்கு விரதம் உண்டு. அந்த வீட்டில் கறிச்சட்டி கவிழ்ந்து கிடந்தது. ரேணுகா பாயை மாமியார் பக்கத்தில் போட்டுப் படுத்தாள். வேலையில் ஒரு குறையும் இல்லை. புருசனுக்குச் சோறு போடுவாள், குளிக்கத் தண்ணீர் எடுத்து வைப்பாள். கேட்டதற்குப் பதில் சொல்லுவாள். கேட்காததற்கு ஒரு வார்த்தை கிடையாது. மத்தியானம் லேப்டாப்பைத் திறந்து வரைவாள். அவன் வந்தால் மூடிவிடுவாள். வெர்னியரைத் துணியில் சுற்றித் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். போனுக்குப் புதுப் பூட்டு போட்டாள்.

ஒச்சம்மாள் அயித்தை என்னிடம் வந்து மூக்கைச் சிந்தினாள். "சாமிக்குக் கட்டுனதக் கழட்டுன்னு நான் எந்த வாயால சொல்ல? ஆனா ஏத்தா மாரிக்கனி, கறித் தண்ணி நாக்குல பட்டு எம்புட்டு நாளாச்சு. இவன் என்னடான்னா அருப்புக்கோட்டையில புரோட்டாக் கடையில தின்னுட்டு, வாயக் கழுவிட்டு வாரான். எனக்கு?"

மதன்குமாரும் வந்தான். வாசலில் நின்றுகொண்டு வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"மதினி, நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அவகிட்ட?"

"என்னன்னு சொல்ல?"

"காப்பக் கழட்டச் சொல்லி."

"நீ ஒரு வார்த்தை சொன்னியாப்பா அவகிட்ட? போக வேண்டாம்னு?"

அவன் தரையைப் பார்த்தான். "எப்பிடி மதினி சொல்ல? ஊரு பூராம் நாந்தானே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அதுக்கப்பறம் நானே வேண்டாம்னா நல்லாவா இருக்கும்?"

அவ்வளவுதான் விஷயம். வேண்டாம் என்று சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை. அதனால் ஆத்தாளைச் சொல்லவைத்தான். நல்ல புருசன் என்ற பேரும் போகக் கூடாது, பெண்டாட்டியும் போகக் கூடாது.

"போனா வருவாளான்னு இருந்துச்சு மதினி" என்றான். அதைச் சொல்லும்போது அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பாவமாக இருந்தது என்பதற்காக உட்காரச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அவனே காலேஜுக்குப் போன் போட்டு, தன் பெண்டாட்டிக்கு அடுத்த பயிற்சியில் சீட்டு கேட்டான். இது என் சன்னல் பக்கம் நின்று பேசியது. அங்கேதானே சிக்னல். சம்பந்தப்பட்டவர்களிடம்தான் பேசுவோம் என்று சொல்லிவிட்டார்கள் போல. அன்றைக்கு ரேணுகாவிடம் போய் நின்றான்.

"காலேஜுல கேட்டேன். அடுத்த பேட்சு இருக்காம்."

"அப்பிடியா?"

"தேதிய ஒங்கிட்டத்தான் சொல்லுவாகளாம். சொன்னாகளா?"

"சொன்னாக" என்றாள்.

"என்னைக்காம்?"

அவள் அரிசியைப் புடைத்துக்கொண்டேயிருந்தாள். அவன் நின்று பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

என்னிடம் சொல்லுவாள் என்று இருந்தேன். கோயிலில் கூட நின்றவள் நான் ஒருத்திதானே. கீரை ஆய்கிற சாக்கில் இரண்டு தடவை சுற்றி வளைத்துக் கேட்டேன். மூன்றாவது தடவை வளைக்காமலே கேட்டேன். "ஆகட்டும்க்கா, பாப்போம்" என்றாள். நல்ல பிள்ளை, பேச்சை மாற்றி என்னைப் பற்றி விசாரித்தாள்.

"பரளச்சியில ஒங்க சின்னாத்தா வீட்டுல கல்யாணம்னீகளேக்கா, என்னைக்கு?"

"வைகாசி கடைசி முகூர்த்தம்த்தா. காலம்பறயே போயிருவேன். போனா எங்க விடுவாக, பொழுது சாஞ்சுதான் வருவேன்."

"நல்லா இருந்துட்டு வாங்கக்கா" என்றாள் சிரித்துக்கொண்டு. பங்குனிக்கு அப்புறம் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கல்யாணத்துக்குப் போனேன். இரண்டு பந்தியிலும் இருந்தேன். மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதையெல்லாம் தெரிந்துகொண்டு, தாம்பூலப் பையோடு சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கினேன். என் வாசலில் மதன்குமார் நின்றுகொண்டிருந்தான். கையில் ஷூ பெட்டி.

"மதினி, ரேணு ஒங்ககிட்ட ஏதும் சொல்லிட்டுப் போனாளா?"

பெட்டியை நீட்டினான். ஷூ இல்லை. சுருட்டிய காகிதத்தின் மேல், நிறம் வெளுத்த மஞ்சள் துண்டோடு காப்பு கிடந்தது. அறுத்ததாகத் தெரியவில்லை. முடிச்சைப் பொறுமையாக அவிழ்த்து, நூலை நேராக நீவி வைத்திருந்தாள். லேப்டாப்பையும் காணோமாம், வெர்னியரையும் காணோமாம், காசிராஜன் மாமாவின் ஒடிந்த கொக்கியையும் காணோமாம். அவன் லோடுக்குப் போன பிறகு, ஒச்சம்மாள் அயித்தை ஆட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போன நேரத்தில் கிளம்பியிருக்கிறாள். தெருவில் கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில். மாரிக்கனிக்குத் தெரிஞ்சிருக்குமே.

"அங்கதான் போயிருப்பா, அது எனக்குத் தெரியும் மதினி. என்னைக்கு வருவான்னு ஏதும்…"

இந்தத் தெருவில் யார் எப்போது போனார், எப்போது வந்தார் என்று தெரியாமல் நான் நின்றது கிடையாது. அன்றைக்கு நின்றேன். என் தேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் தேதியை எனக்குத் தரவில்லை.

"எங்கிட்ட யாருப்பா தேதி சொல்றா?" என்றேன்.

எதிர் வீட்டுக்குள்ளிருந்து ஒச்சம்மாள் அயித்தையின் குரல் கேட்டது.

"ஏலே மதனு, காப்புத்தான் கழண்டுருச்சேலே. நாளைக்கு ஞாயித்துக்கெழமை, கறி எடுத்துட்டு வாரியா?"

அவன் பெட்டியை மூடி, மேல்மூடி சரியாக உட்கார்ந்ததா என்று தடவிப் பார்த்தான்.